பிளேன் விட்டால் ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "வடக்குக்கென்று சொந்தமாக ஓர் உள்நாட்டு விமான சேவை தொடங்கினால் என்ன?" என்று கேட்டிருந்தார். "காசு மிச்சமாக இருந்தால் தொடங்கலாம்" என்று நானும் ஒற்றை வரியில் பகிடியாக எழுதிவிட்டேன். அதற்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமில்லை. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் பிளேனுக்கே.

கேள்வி: கனடாவில் இருக்கிற என் மச்சானும் அவருடைய நாலு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு ஏடிஆர் விமானத்தை லீசுக்கு எடுத்து, யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கும் இடையில் விடப் போகிறார்களாம். என்னையும் பங்கு போடச் சொல்கிறார். கொஞ்சம் காணி விற்ற காசு கையில் இருக்கிறது. போடலாமா அண்ணை? (பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, உங்கள் ஊரில் லீசிங்கில் ட்ரக்டர் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அதில் யார் தப்பினார்கள், யாருடைய ட்ரக்டரை லீசிங்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான் என்பதும் தெரியும். காலபோகத்துக்கு உழுதுவிட்டு மிச்ச மாதமெல்லாம் மாமரத்தடியில் நிறுத்தி வைத்தவன் தப்பவில்லை. உழவு முடிந்ததும் பெட்டியைக் கொழுவி மணல், கல், நெல் மூட்டை என்று இடைவிடாமல் ஓடினவன் தப்பினான். விமானக் கணக்கும் இதுதான், தொகைதான் பெரிது.

ஏடிஆர் 72 என்பது ஏறத்தாழ 70 சீற் உள்ள, காற்றாடி வைத்த விமானம். சென்னையிலிருந்து பலாலிக்கு வருவதும் அதுதான். புதியது என்றால் மாத வாடகை ஒரு லட்சம் டொலரைத் தாண்டும். கணக்குக்காக ஒன்றரை லட்சம் என்று வைப்போம், டொலர் 300 ரூபா என்று வைப்போம். மச்சானின் விமானம் காலையில் ஒருதரம் போய் ஒருதரம் வருகிறது, மாதத்துக்கு 60 பறப்பு. வாடகையை மட்டும் பிரித்தால் ஒரு பறப்புக்கு 2,500 டொலர், அதாவது ஏழரை லட்சம் ரூபா. 50 பேர் ஏறினால் ஆளுக்கு 15,000 ரூபா. இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை, விமானிக்குச் சம்பளம் கொடுக்கவில்லை, காப்புறுதி கட்டவில்லை, விமான நிலையக் கட்டணமும் கட்டவில்லை. அதே விமானம் நாளுக்கு எட்டுத்தரம் பறந்தால் ஆளுக்கு வாடகைப் பங்கு 3,750 ரூபாதான். ஆனால் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் தினமும் எட்டுத்தரம் 50 பேரை எங்கிருந்து பிடிப்பது? விமானம் பறந்து நட்டப்படுவதை விட நின்று நட்டப்படுவதுதான் அதிகம்.

மற்றது, குறுந்தூரம் என்றால் செலவு குறைவு என்று மச்சான் நினைத்திருப்பார். எண்ணெய்க்கு அது ஓரளவு சரி, ஒரு மணி நேரப் பறப்புக்கு ஏடிஆர் சுமார் 800 லீற்றர் குடிக்கும். ஆனால் சக்கரக் கால், பிரேக், ரயர், எஞ்சின் பாகங்கள் பலவற்றின் ஆயுளை மணித்தியாலத்தோடு சேர்த்து ஏறி இறங்கும் எண்ணிக்கையாலும் அளப்பார்கள். ஒரு மணி பறந்தாலும் நாலு மணி பறந்தாலும் ஒரு இறக்கம் ஒரு இறக்கம்தான். விமானிகளும் இரண்டு பேர் போதாது. ஓய்வு நேரச் சட்டம் இருக்கிறது, லீவு இருக்கிறது, வருத்தம் இருக்கிறது. நன்றாக ஓடும் ஒரு விமானத்துக்கே நாலைந்து சோடி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே டொலர். வாடகை, உதிரிப்பாகம், காப்புறுதி எல்லாம் டொலரில், ரிக்கெற் விற்பது ரூபாவில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் வரிசையில் நின்றபோது நாங்கள் அதை ஒரு விதமாக உணர்ந்தோம். மேலே சொன்ன 15,000 ரூபா, ஒருவரும் ஒரு பிழையும் செய்யாமலே அந்த விலையில் 18,000 ஆகிவிடும்.

ஆகவே மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: "ஏஓசி இருக்கிறதா?" விமானத்தை வர்த்தக ரீதியில் இயக்குவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபை கொடுக்கிற சான்றிதழ் அது. முதல் பேச்சு, முறையான விண்ணப்பம், ஆவணப் பரிசோதனை, நேரடிப் பரிசோதனை, கடைசியாகச் சான்றிதழ் என்று ஐந்து கட்டம். இதற்கே மாதக்கணக்கு, சில வேளை வருடக்கணக்கு. அத்தனை காலமும் சம்பளம் போகும், வருமானம் சதம் வராது. இருக்கிறது என்றால் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். "எடுக்கப் போகிறோம்" என்றால் காணிக் காசை வங்கியில் விடுங்கள். "அது என்ன ஏஓசி?" என்று திருப்பிக் கேட்டால் நலம் விசாரித்துவிட்டு போனை வைத்துவிடுங்கள்.

கேள்வி: எழுபதுகளில் நான் அவ்ரோ விமானத்தில் பலாலியிலிருந்து கொழும்புக்குப் போயிருக்கிறேன். அந்தக் காலத்தில் முடிந்தது இந்தக் காலத்தில் ஏன் முடியாது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி)

பதில்: ஐயா, நீங்கள் போனது எயார் சிலோனில். அந்தச் சேவையின் முதல் பறப்பே எங்கள் பக்கத்தால்தான் போனது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் கிளம்பின டக்கோட்டா, காங்கேசன்துறையில் இறங்கி மதராசுக்குப் பறந்தது. காங்கேசன்துறை என்று அப்போது எழுதினது இதே பலாலி ஓடுபாதையைத்தான், இரண்டாம் உலகப் போருக்குப் பிரித்தானிய விமானப்படை போட்டது. எயார் சிலோன் அரசின் சேவை, நட்டம் வந்தால் திறைசேரி பார்த்துக்கொள்ளும். 1978 செப்டெம்பரில் அதன் அவ்ரோ ஒன்று இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த வருடம் எயார் லங்கா வந்தது, எயார் சிலோனின் கதை முடிந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் தனியார் விமானங்களுக்கு நல்ல காலம் இருந்தது, அது எங்களுக்குக் கெட்ட காலம். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகப் போகிற ஏ9 பாதை மூடிக் கிடந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தாருக்குக் கப்பலை விட்டால் விமானம்தான். லயன் எயார், எக்ஸ்போ எயார் எல்லாம் அப்போது பறந்தவை. ரிக்கெற்றுக்கு ஆள் பிடிக்கத் தேவையில்லை, ஆட்கள்தான் ரிக்கெற்றுக்கு அலைந்தார்கள். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து போன லயன் எயார் அன்டனோவ் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் போனார்கள். அதன் பிறகும் விமானத்தில் போகத்தான் வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. நடுவில் வன்னியில் இருந்த எங்களுக்கு அந்த விமானங்கள் தலைக்கு மேலே கேட்கிற சத்தம் மட்டும்தான். வடக்கே முகமாலைச் சோதனைச்சாவடி, தெற்கே ஓமந்தைச் சோதனைச்சாவடி, இரண்டு பக்கமும் பாஸ் இல்லாமல் அசைய முடியாத ஆட்களுக்கு என்ன பிளேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதையைத் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மூடினார்கள், போர் முடிந்து மறுபடி திறந்தார்கள். 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் போனது. பாதை மூடியிருந்ததால் பிழைத்த தொழிலுக்குப் பாதை திறந்தால் என்ன ஆகும்? எக்ஸ்போ எயார்தான் இன்றைய ஃபிட்ஸ்எயார். 2022 ஒக்டோபரில் அவர்கள் துபாய்க்குப் பயணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணப் பாதையை மட்டும் நம்பி இருந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பெயரே இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கேள்வி: கொழும்புக்கு அடிக்கடி போகிறவள் நான். இரவு பஸ்ஸில் போய் இடுப்பு முறிந்துவிட்டது. பிளேன் வந்தால் நாங்கள் ஏற மாட்டோமா? (ஒரு வாசகி, கிளிநொச்சி)

பதில்: ஏறுவீர்கள் அக்கா, ஒருதரம். போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கும் அனுப்புவீர்கள். அப்புறம் கணக்குப் பார்ப்பீர்கள்.

கிளிநொச்சியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, தெற்கே போவதற்காக வடக்கே பலாலிக்குப் போக வேண்டும், சுமார் எண்பது கிலோமீற்றர். ஆனையிறவு, கொடிகாமம், சாவகச்சேரி தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நெரிசலில் மாட்டிப் போய்ச் சேர இரண்டு மணித்தியாலம். பறப்புக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே நிற்க வேண்டும். மேலே ஒரு மணித்தியாலம் கூடக்குறைய. கீழே இறங்கிப் பைக்காகக் காத்திருந்து ஓட்டோ பிடிக்க இன்னொரு மணித்தியாலம் என்று வையுங்கள். இப்படியே ஐந்து போய்விடும். ரயிலும் பஸ்ஸும் அதைவிட இரண்டு மூன்று மணித்தியாலம்தான் கூட எடுக்கும். இரவு பஸ் அந்த நேரத்தையும் உங்கள் நித்திரையிலிருந்துதான் எடுக்கிறது, வேலை நாளிலிருந்து எடுக்கவில்லை. விடிய வெள்ளவத்தையில் இறக்கிவிடும், குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலுக்குப் போகலாம். ரிக்கெற்றும் சில ஆயிரம் ரூபாதான். விமானத்துக்கு எதிரி இன்னொரு விமானக் கொம்பனி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் அதன் எதிரி இரவு பஸ், அதை வெல்வது லேசில்லை.

இடுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. நடுப்பகுதிச் சீற்றாகப் பார்த்து எடுங்கள், கடைசி வரிசைதான் தூக்கிப் போடும்.

கேள்வி: பலாலிக்கு ஏன் போக வேண்டும்? இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறதே, அங்கே இறக்கினால் வன்னிக்கே விமானம் வரும் அல்லவா? (இளைஞர், பரந்தன்)

பதில்: இருக்கிறது. புலிகள் போட்டது, 2009 தொடக்கத்தில் இராணுவத்தின் கைக்குப் போய், இப்போது விமானப்படைத் தளம். ஆனால் ஓடுபாதை இருந்தால் விமான நிலையம் ஆகிவிடாது, விமான நிலையம் இருந்தாலும் பயணி வந்துவிட மாட்டார். இரண்டாவதற்கு 2013 மார்ச்சில் திறந்த மத்தளையைப் பாருங்கள். பெரிய ஜெட் இறங்கும் நீளத்துக்கு ஓடுபாதை, பளபளவென்று கட்டடம், உலகத்திலேயே வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்று பத்திரிகைகளில் பெயர். சுற்றிவர யானைகள்தான் நிரம்பியிருந்தன.

இன்னொன்று. ஓடுபாதையை நீட்டு, தளத்தைப் பெருப்பி என்று பேசுவது எங்கள் பக்கத்தில் லேசான பேச்சில்லை. பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் எழும்பினது, சிலருக்கு இன்னும் காணி திரும்பவில்லை. "பெரிய பிளேன் இறங்க வேண்டும்" என்று கொழும்பில் இருந்துகொண்டு சொல்கிறவருக்கு அது வரைபடத்தில் ஒரு கோடு. இங்கே அது ஒருவருடைய கிணறும் பனங்காணியும்.

கேள்வி: இந்தியாவில் சின்னச் சின்ன ஊர்களுக்கும் அரசு காசு கொடுத்து விமானம் விடுகிறதாம். இங்கேயும் அப்படிக் கேட்கலாமே? (வவுனியா)

பதில்: நீங்கள் சொல்வது உடான் திட்டம். 2016இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையில் முதல் விமானம் பறந்தது. ஒரு மணி நேரப் பறப்புக்குப் பாதிச் சீற்றை 2,500 இந்திய ரூபா அளவில் விற்க வேண்டும், விழுகிற துண்டை அரசு மூன்று வருடத்துக்கு நிரப்பும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. 2023இல் அங்குள்ள கணக்காய்வாளர் ஒரு அறிக்கை வைத்தார். பார்த்த வரையில், கொடுத்த 774 பாதைகளில் பறக்கத் தொடங்கியதே 371. மூன்று வருடத்தை ஓடி முடித்தது 112. மானியம் நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தது 54. நூற்று நாற்பது கோடி சனம் இருக்கிற நாட்டில் இந்த நிலை.

மானியம் இல்லாமல் தைரியத்தில் இறங்கினவர்கள் கதையும் அங்கே நிறைய. எயார் டெக்கான் 2003இல் ஏழைக்கும் விமானம் என்று தொடங்கி, நாலைந்து வருடத்தில் கிங்ஃபிஷர் கைக்குப் போனது. 2012இல் கிங்ஃபிஷரும் நின்றது. மதுரைக்காரர் தொடங்கிய பரமவுண்ட் 2005இல் சொகுசு எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு வந்து, விமானம் வாடகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்காகி 2010இல் போனது. ஜெட் எயார்வேஸ் கால் நூற்றாண்டு பறந்துவிட்டு 2019இல் விழுந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023இல், எஞ்சின் வராமல் பாதி விமானம் தரையில் நிற்க, கடனில் மூழ்கி நின்றுபோனது. இண்டிகோ மட்டும் எப்படி நிற்கிறது என்றால், பறக்கத் தொடங்க முன்னமே 2005இல் ஒரே மாதிரியாக 100 விமானத்துக்கு ஓடர் கொடுத்தவர்கள் அவர்கள். நாங்கள் ஒரு விமானத்தோடு தொடங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விமானம் என்றால் என்ன என்று நான் பட்டுத் தெரிந்தவன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கொம்பனியில் ரிக்கெற் எடுத்து, விடிய நாலு மணிக்கு எழும்பி ஓட்டோவும் பஸ்ஸுமாக மாறிப் போய் நின்றால், "ரெக்னிக்கல் பிரச்சினை, இன்றைக்குப் பறப்பு இல்லை" என்றார்கள். நாளைக்கு? "பாகம் வந்தால்." பெரிய கொம்பனிக்கு ஒன்று பழுதானால் மற்றொன்று வரும், இவர்களுக்கு மற்றொன்று கிடையாது. காசைத் திருப்பித் தந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அன்று கொழும்பில் எனக்கு இருந்த அலுவலைத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு முக்கியமான அலுவலுக்கு நான் அவர்களை நம்பினதில்லை. அப்படி ஒவ்வொருவராகக் கழன்றால் கொம்பனிக்கு மிஞ்சுவது அவசரம் இல்லாத ஆட்கள்தான், அவசரம் இல்லாதவர் பஸ்ஸில் போய்விடுவார்.

கேள்வி: உள்நாட்டு விமானத்தில் சாப்பாடு தருவார்களா? (மாங்குளம்)

பதில்: ஒரு மணி நேரத்தில் என்னத்தைத் தருவது? ஒரு போத்தல் தண்ணி தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் முடியாது முடியாது என்கிறீர்கள். உங்களிடம் காசைத் தந்து தொடங்கச் சொன்னால் எப்படித் தொடங்குவீர்கள்? (முல்லைத்தீவு)

பதில்: இது நியாயமான கேள்வி. காசு உங்களுடையது என்பதால் துணிந்து சொல்கிறேன்.

முதலில் இரத்மலானையை மறந்துவிடுவேன். அது கொழும்புக்குத் தெற்கே, பெரிய சர்வதேச விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்க வடக்கே. பலாலியில் ஏறி இரத்மலானையில் இறங்குகிற கனடாக்காரர், மூன்று சூட்கேஸோடு கொழும்பைக் குறுக்கறுத்து மறுபடி வடக்கே வர வேண்டும். பைத்தியமா அவருக்கு? ஊரிலிருந்தே வான் பிடித்துப் புத்தளம், சிலாபத்தால் நேரே கட்டுநாயக்கவுக்குப் போய்விடுவார், இப்போது எல்லாரும் செய்வது அதுதான். வன்னியில் காசு கொடுத்துப் பறக்கக்கூடியவர் யார் என்று பார்த்தால், லீவில் வந்து போகிற எங்கள் பிள்ளைகளும் அவர்களின் குடும்பமும்தான். ஆகவே பலாலி–கட்டுநாயக்க, அதுவும் வெளிநாட்டு விமானங்கள் வந்து போகிற நேரத்துக்குப் பொருந்த, ரிக்கெற் லண்டனிலோ ரொறொன்ரோவிலோ பெரிய ரிக்கெற்றோடு சேர்த்தே டொலரில் விற்பனையாக வேண்டும். 2013இல் தொடங்கிய சினமன் எயார் இன்றும் பறப்பதற்கு ஒரு காரணம் இதுதான். சின்னச் செஸ்னா கரவான் விமானம், தளம் கட்டுநாயக்கவில், ஏறுவது பெரும்பாலும் உல்லாசப் பயணிகள், கட்டணம் டொலரில். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து "பணக்காரச் சேவை" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் தொடங்கின கொம்பனி எங்கே?

விமானத்தையும் நானே லீசுக்கு எடுக்க மாட்டேன். ஏஓசி உள்ள ஒருவரிடம் விமானம், விமானி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கேட்பேன். நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் பாடசாலை லீவு, டிசெம்பர், தைப்பொங்கல், இந்தக் காலத்துக்கு மட்டும். இரண்டு வருடம் அப்படி ஓட்டி, வாரத்தில் எந்த நாள் எத்தனை பேர் என்று கொப்பியில் எழுதி வைத்துவிட்டுத்தான் சொந்த விமானம் பற்றி வாய் திறப்பேன்.

அதற்குள் சந்தையும் மாறிக்கொண்டிருக்கிறது. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் அலையன்ஸ் எயாரோடு சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் வந்தது. லண்டனிலிருந்து வருகிறவர் சென்னையில் மாறிப் பலாலியில் இறங்கலாம் என்றால் கட்டுநாயக்கவே அவருக்குத் தேவையில்லை. நான் தொடங்கப் போகிற கொம்பனிக்கு இதுதான் பெரிய பயம். மச்சானின் திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதோ தெரியாது.

கடைசியில் பொதிப் பிரச்சினை. கரவானில் ஆளுக்கு இருபது கிலோவைத் தாண்டினாலே முகம் சுளிப்பார்கள். எங்கள் ஆட்கள் திரும்பிப் போகும்போது மிளகாய்த்தூள், ஒடியல், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, அம்மா கட்டித் தந்த ஊறுகாய்ப் போத்தல் என்று ஆளுக்கு அறுபது கிலோ. ஆட்களை விமானத்தில் அனுப்பி, பொதியை முதல் நாள் இரவே லொறியில் கட்டுநாயக்கவுக்கு அனுப்பி வைக்கிற ஒழுங்கு வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், என் திட்டத்தில் நிச்சயமாக லாபம் வரக்கூடிய பகுதி அந்த லொறிதான்.

கேள்வி: இவ்வளவு கதைக்கிற நீங்கள் கடைசியாகக் கொழும்புக்கு எதில் போனீர்கள்? (பெயர் இல்லை, தபால் முத்திரை ஒட்டுசுட்டான்)

பதில்: இரவு பஸ்ஸில். முறிகண்டியில் நிற்பாட்டினார்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு இரண்டு சுருள் கச்சான் வாங்கினேன், ஓமந்தை வருமுன் முடிந்துவிட்டது.